மேட்ச் புரியலையா? முதல்ல அந்தக் கூச்சத்தை விடு!

ஐ.பி.எல். சீசன் வந்துட்டா உன் முகம் எப்படி மாறுதுன்னு எனக்குத் தெரியும். ஹால்ல மாமனார், வீட்டுக்காரர், கொழுந்தனார், பக்கத்து வீட்டுப் பையன் எல்லாரும் ஒரே குரலா "அவுட்டு"ன்னு எழுந்து நிக்கறாங்க. நீ கொஞ்சம் தாமதமா கை தட்டறே. அதுக்குள்ள அம்பயர் இல்லைன்னு தலையை ஆட்டிட்டார். எல்லாரும் "சே"ன்னு உக்காந்தாச்சு, கை தட்டிக்கிட்டு இருக்கறது நீ மட்டும்தான். உடனே "அடுப்புல பால் வெச்சேன்"னு கிச்சனுக்குள்ள போயிடறே. ஆபீஸ்லயும் இதே கதைதான். மதியச் சாப்பாட்டு மேசையில முந்தின நாள் மேட்ச் பேச்சு ஆரம்பிச்சதும் நீ செல்போனை எடுத்துக் குனிஞ்சுக்கறே.

இனிமே வேண்டாம். உனக்கு நேரம் இல்லைன்னு தெரியும், அதனால கிரிக்கெட் முழுக்கச் சொல்லித்தரப் போறதில்லை. வெட்கப்படாம உக்காந்து பார்க்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் சொல்றேன்.

1. தெரிஞ்ச மாதிரி நடிக்காதே

எல்லாரும் செய்யற முதல் தப்பு இதுதான். "செம ஷாட்ல?"ன்னு யாராவது கேட்டா "ஆமா, செம"ன்னு தலையாட்டறது. அடுத்த கேள்வி என்ன வரும் தெரியுமா? "கவர்ல அடிச்சாரா, பாயின்ட்லயா?" அங்கே மாட்டிக்குவே. தெரியாததை யாரும் பெரிசா எடுத்துக்க மாட்டாங்க. நடிச்சது தெரிஞ்சாதான் சிரிப்பாங்க.

அதுக்குப் பதிலா ஆரம்பத்துலயே சொல்லிடு: "எனக்கு ஸ்கோர் புரியும், ரூல்ஸ் அவ்வளவா தெரியாது. நடுவுல கேட்டா சொல்லுங்க." அவ்வளவுதான். குரலை இறக்காம, மன்னிப்புக் கேக்கற தொனி இல்லாம சொல்லணும். "நான் ஒரு மக்கு"ன்னு நீயே உன்னை இறக்கிப் பேசற பழக்கம் இருந்தா இன்னையோட நிறுத்து. நீ எதைச் சொல்லிக் கொடுக்கறியோ அதைத்தான் மத்தவங்களும் திருப்பிச் சொல்லுவாங்க.

2. உனக்கு ஏன் தெரியலைன்னு ஒரு நிமிஷம் யோசி

உன் அண்ணன் தம்பிக்கு யார் சொல்லிக் கொடுத்தா? யாரும் இல்லை. சாயங்காலம் ஆனா தெருவுக்குப் போனாங்க. ஒன் பிட்ச் கேட்ச், முதல் பந்து டிரையல், பேபி ஓவர், எதிர் வீட்டு காம்பவுண்டுக்குள்ள அடிச்சா அவுட்டுன்னு விளையாடி விளையாடியே பழகிட்டாங்க. அதே நேரத்துல உன்னை "இருட்டப் போகுது, உள்ளே வா, விளக்கேத்து"ன்னு கூப்பிட்டாங்க. விஷயம் அவ்வளவுதான். இதுல உன் புத்திக்கு என்ன குறைச்சல்?

இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. ஹால்ல சத்தமா கத்தறவங்க யாரும் ரூல் புஸ்தகம் படிச்சவங்க இல்லை. கிரிக்கெட் சட்டங்களை எழுதி வெச்சிருக்கறது லண்டன்ல இருக்கற எம்.சி.சி. கிளப். மொத்தம் 42 சட்டம், ஒவ்வொண்ணுக்கும் உட்பிரிவு. அதை முழுக்கப் படிச்சவங்க உன் தெருவுல ஒருத்தர் இருந்தா அதிசயம்.

பெண்ணுக்கு ரூல் எதுக்குன்னு யாராவது பேசினா இதைச் சொல்லு: சென்னையைச் சேர்ந்த ஜனனி நாராயணன் சாஃப்ட்வேர் வேலையை விட்டுட்டு அம்பயர் ஆனவங்க. 2023 ஜனவரியில ஆண்கள் ஆடற ரஞ்சி டிராபி மேட்ச்லயே நின்னு தீர்ப்பு சொன்னாங்க. அவங்க விரலைத் தூக்கினா ஆம்பிளை பேட்ஸ்மேன் வாயை மூடிக்கிட்டு வெளியே போயாகணும்.

3. எல்லாத்தையும் ஒரே நாள்ல கத்துக்கப் பார்க்காதே

புகுந்த வீட்டுக்குப் போன முதல் நாள் உப்பு, கடுகு, தீப்பெட்டி எங்கே இருக்குன்னுதானே பார்த்தே? பரண்ல இருக்கற டப்பாவை எல்லாம் எண்ணலை இல்லையா? இங்கேயும் அப்படித்தான். முதல் மேட்ச்ல ஸ்கோர் போர்டை மட்டும் படி.

- 156/4 (16.3) அப்படின்னு போட்டிருந்தா, 156 ரன், 4 பேர் அவுட். 16.3ங்கறதைத் தசமக் கணக்குன்னு நினைச்சுக்காதே. 16 ஓவர் முடிஞ்சு, அடுத்த ஓவர்ல 3 பந்து போட்டாச்சுன்னு அர்த்தம். ஓவருக்கு 6 பந்துதான். அதனால 16.6ன்னு வரவே வராது, 17 ஆயிடும்.
- டி20ல ஒரு அணிக்கு 20 ஓவர், அதாவது 120 பந்து. ரெண்டாவதா ஆடற அணிக்கு "இன்னும் எத்தனை ரன், எத்தனை பந்து"ன்னு கீழே ஓடிக்கிட்டே இருக்கும். அதை மட்டும் பார்த்தாலே பாதி மேட்ச் புரிஞ்சுடும். பந்தைவிட ரன் ரொம்ப அதிகமா இருந்தா பேட்டிங் பண்றவங்களுக்கு நெருக்கடி.
- பௌலர் பேருக்குப் பக்கத்துல 4-0-28-2ன்னு வரும். 4 ஓவர் போட்டார், ரன்னே கொடுக்காத ஓவர் 0, கொடுத்த ரன் 28, எடுத்த விக்கெட் 2. டி20ல ஒரு பௌலருக்கு 4 ஓவருக்கு மேல கிடையாது. "பும்ராவையே போடச் சொல்ல வேண்டியதுதானே?"ன்னு கேக்கணும்னு தோணும். முடியாது, அதான் காரணம்.
- ஆஸ்திரேலியாவுல நடக்கற மேட்ச் பார்த்தா 4/156ன்னு திருப்பிப் போட்டிருப்பாங்க. பயப்படாதே, அதே கணக்குதான்.

4. அடுத்த மேட்ச்ல இதைச் சேர்த்துக்கோ

பவர்பிளே: டி20ல முதல் 6 ஓவர். மைதானத்துக்குள்ள போட்டிருக்கற வட்டத்துக்கு வெளியே 2 ஃபீல்டருக்கு மேல நிக்கக்கூடாது. அதனாலதான் ஆரம்பத்துல தூக்கித் தூக்கி அடிக்கறாங்க. 6 ஓவர் முடிஞ்சதும் வெளியே 5 பேர் வரைக்கும் நிக்கலாம், ரன் வேகம் இறங்கும். "ஏன் திடீர்னு மெதுவா ஆடறாங்க?"ன்னு நீ மனசுக்குள்ள கேட்டுக்கிட்டே இருந்தியே, இதுதான் பதில்.

வைடு, நோ பால்: ரெண்டுக்கும் ஒரு ரன் இனாம், பந்தையும் திரும்பப் போடணும். வைடுன்னா பேட்ஸ்மேனுக்கு எட்டாத தூரத்துல போட்டது. நோ பால்னா பெரும்பாலும் பௌலர் காலைக் கோட்டைத் தாண்டி வெச்சது, இல்லைன்னா இடுப்புக்கு மேல தரையில படாம வந்தது. நோ பாலுக்கு அப்புறம் ஃப்ரீ ஹிட். அந்தப் பந்துல ஸ்டம்ப் எகிறினாலும் கேட்ச் பிடிச்சாலும் அவுட் கிடையாது. ஆனா ரன் அவுட் ஆகலாம். ஃப்ரீ ஹிட்ல கேட்ச் பிடிச்சதும் கை தட்டிடாதே, பாதிப் பேர் அங்கேதான் மாட்டிக்கறாங்க.

அவுட் ஆகறதுக்கு நிறைய வழி இருக்கு. உனக்கு அஞ்சு போதும்: போல்டு, கேட்ச், ரன் அவுட், ஸ்டம்பிங், எல்.பி.டபிள்யூ. முதல் மூணு கண்ணால பார்த்தாலே புரியும். ஸ்டம்பிங்னா பேட்ஸ்மேன் கோட்டை விட்டு வெளியே வந்து பந்தைத் தவற விட்டதும் கீப்பர் ஸ்டம்ப்பைத் தட்டறது. கடைசி ஒண்ணுக்குத்தான் எல்லாரும் பயப்படறாங்க. அதுக்குத் தனியா வரேன்.

5. எல்.பி.டபிள்யூ.: மூணே கேள்வி

காலை ஸ்டம்ப்புக்கு முன்னால வெச்சு பந்தைத் தடுத்தா அவுட். இதுதான் அடிப்படை. மட்டையால ஆடற ஆட்டத்துல காலால ஸ்டம்ப்பைக் காப்பாத்தக் கூடாது, அதுக்காக வந்த சட்டம். பந்து முதல்ல மட்டையில பட்டிருந்தா பேச்சே இல்லை, நாட் அவுட்.

மூணு கேள்விக்கு முன்னாடி ஒரு சுருக்கு வழி. ஆஃப் பக்கம், லெக் பக்கம் எதுன்னு குழம்பாதே. பேட்ஸ்மேன் நிக்கும்போது நெஞ்சு எந்தப் பக்கம் பார்க்குதோ அது ஆஃப். முதுகு இருக்கற பக்கம் லெக். இடது கை ஆட்டக்காரருக்கும் இதே கணக்குதான்.

இப்ப மூணு கேள்வி:

முதல் கேள்வி, பந்து எங்கே குத்திச்சு? லெக் ஸ்டம்ப்புக்கு வெளியே, முதுகுப் பக்கம் குத்தியிருந்தா நாட் அவுட். மேல யோசிக்கவே வேண்டாம்.

ரெண்டாவது, கால்ல எங்கே பட்டுது? ஸ்டம்ப்புக்கு நேரா பட்டா ஆபத்து. ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே பட்டிருந்து, பேட்ஸ்மேன் அடிக்க முயற்சி பண்ணியிருந்தா நாட் அவுட். அடிக்காம மட்டையைத் தூக்கிக்கிட்டு காலை நீட்டியிருந்தா, தப்பிக்க வழியில்லை, மூணாவது கேள்விக்குப் போகணும்.

மூணாவது, கால் குறுக்கே இல்லைன்னா ஸ்டம்ப்ல பட்டிருக்குமா? இதைத்தான் டி.வி.ல கோடு போட்டுக் காட்டறாங்க.

அங்கேதான் அம்பயர்ஸ் கால்னு ஒண்ணு வரும், வீடே ரெண்டா பிரிஞ்சு கத்தும். பந்து ஸ்டம்ப்பை லேசா உரசற மாதிரி, பாதிப் பந்துகூடப் படாத மாதிரி காட்டினா, மெஷின் முடிவு சொல்லாது. மைதானத்துல அம்பயர் முதல்ல என்ன சொன்னாரோ அதுவே நிக்கும். அதனால ஒரே மாதிரி படம், ஒருத்தர் அவுட், இன்னொருத்தர் நாட் அவுட். உனக்கு மட்டும் குழப்பமா இல்லை, பெரிய பெரிய ஆட்டக்காரங்களே இதை ஒத்துக்க முடியாம பேசியிருக்காங்க. அம்பயர் தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்றதுதான் ரிவ்யூ. டி20ல ஒரு அணி ஒரு இன்னிங்ஸ்ல ரெண்டு தடவை ரிவ்யூ தோத்தா, அதுக்கப்புறம் கேக்க முடியாது. அம்பயர்ஸ் கால் ஆனா மட்டும் அந்த ரிவ்யூ கையிலேயே இருக்கும். ரிவ்யூ கேக்க 15 செகண்டுதான், அதனாலதான் கேப்டன் அவசர அவசரமா கீப்பரைப் பார்க்கறார்.

எல்.பி.டபிள்யூ. சண்டை புதுசும் இல்லை. நம்ம சேப்பாக்கத்துலயே 1986 செப்டம்பர்ல இந்தியா, ஆஸ்திரேலியா டெஸ்ட் மேட்ச் 'டை' ஆச்சு. டெஸ்ட் வரலாற்றுலயே மொத்தம் ரெண்டு தடவைதான் அப்படி நடந்திருக்கு. கடைசி ஓவர், ஒரு ரன் அடிச்சா இந்தியா ஜெயம், ஐந்தாவது பந்து. மணிந்தர் சிங்குக்கு எல்.பி.டபிள்யூ. கொடுத்தார் அம்பயர் விக்ரம்ராஜு. பந்து முதல்ல மட்டையில பட்டுச்சுன்னு மணிந்தர் இன்னமும் சொல்றார். அத்தனை வருஷம் ஆடின மனுஷனும் அம்பயரும் ஒரே பந்தைப் பார்த்து ரெண்டு விதமா சொல்றாங்க. உனக்கு ஒரு நிமிஷம் புரியலைன்னா அதுக்கு ஏன் முகம் சிவக்கணும்?

6. எப்ப கேக்கணும், யாரைக் கேக்கணும்

பௌலர் ஓடி வரும்போது கேக்காதே. சாவகாசமா பதில் சொல்ற மாமனார்கூட அந்த நேரத்துல சுள்ளுனு விழுவார். அதை மனசுல வெச்சுக்கிட்டு அடுத்த வாரம் வரைக்கும் அழுதுக்கிட்டு இருக்காதே, தப்பு நேரத்துலதான். ஓவர் முடியற இடைவெளி, விக்கெட் விழுந்து அடுத்தவர் நடந்து வர்ற நேரம், ஐ.பி.எல்.ல நடுவுல வர்ற ரெண்டரை நிமிஷ டைம் அவுட், இந்த மூணும் உன் நேரம்.

யாரைக் கேக்கலாம்? ரொம்பச் சத்தம் போடறவரை விட்டுடு. அவருக்கு ஜெயிக்கறதுலதான் கண்ணு, விளக்கறதுல இல்லை. வீட்டுல பத்து வயசுப் பையனோ பொண்ணோ இருந்தா அவங்கதான் நல்ல வாத்தியார். சொல்லிக் கொடுக்கறதுல அவங்களுக்கு அவ்வளவு பெருமை, கிண்டலும் பண்ண மாட்டாங்க. இல்லைன்னா வயசான தாத்தா. ரேடியோவுல காதை வெச்சுக் கேட்டு வளர்ந்த தலைமுறை, வார்த்தையால படம் போட்டுக் காட்டத் தெரியும். ஆபீஸ்ல கூட்டத்துக்கு நடுவுல கேக்காதே. டீ குடிக்கப் போகும்போது ஒருத்தரைத் தனியா பிடி.

"எனக்கு ஒண்ணும் புரியலை"ன்னு பொத்தாம் பொதுவா சொன்னா யாருக்கும் பதில் சொல்லத் தோணாது. "இப்ப ஏன் எல்லா ஃபீல்டரும் கிட்ட வந்தாங்க?"ன்னு கண்ணால பார்த்ததைக் கேளு. ஒரு ஓவருக்கு ஒரு கேள்வி போதும். மிச்சத்தை மனசுல குறிச்சு வெச்சுக்கோ, பாதிக்குப் பதில் மேட்ச்லயே கிடைச்சுடும். கமென்ட்ரியைத் தமிழ்ல மாத்திக்கோ. இங்கிலீஷ்ல வெச்சுக்கிட்டு ரூலையும் பாஷையையும் சேர்த்துக் குழப்பிக்க வேண்டாம்.

7. இதையெல்லாம் செய்யாதே

- ரூல் தெரியாததை மறைக்க ஆட்டக்காரங்க கல்யாணக் கதை, ஹேர் ஸ்டைல் பேச்சுக்குத் தாவாதே. உன்னை அந்த மூலையிலேயே உக்கார வெச்சுடுவாங்க.
- மேட்ச் நடுவுல செல்போன்ல தேடி, படிச்சதை உரக்கச் சொல்லாதே. டெஸ்ட் ரூலை டி20க்குச் சொல்லி வாதம் பண்றவங்களை நிறையப் பார்த்திருக்கேன்.
- யாராவது கிண்டல் பண்ணினா சிரிச்சு மழுப்பாதே, சண்டையும் போடாதே. "சரி, தெரிஞ்ச நீங்களே சொல்லுங்க"ன்னு நேரா கேளு. பாதிப் பேர் அங்கேயே திணறுவாங்க.
- தலைவலின்னு சொல்லி ரூமுக்குள்ள போய்ப் படுத்துக்காதே. ரெண்டு மாசம் வீட்டுச் சிரிப்புல நீ மட்டும் இல்லாம போயிடுவே. எனக்கு உன்கிட்ட கோபம் வர்றது இதுக்கு மட்டும்தான்.

8. கரைச்சுக் குடிச்சவங்களும் திகைச்சுப் போன இடங்கள்

2019 உலகக் கோப்பை ஃபைனல், லார்ட்ஸ் மைதானம். இங்கிலாந்து, நியூசிலாந்து ரெண்டும் சமம். சமனை உடைக்க ஆளுக்கு ஒரு ஓவர், அதான் சூப்பர் ஓவர், அதுவும் சமம். கடைசியில பவுண்டரி அதிகம் அடிச்ச அணின்னு இங்கிலாந்துக்குக் கோப்பையைக் கொடுத்தாங்க, 26க்கு 17. இப்படி ஒரு ரூல் இருக்கறதே உலகம் முழுக்க அன்னைக்கு ராத்திரிதான் பல பேருக்குத் தெரிஞ்சுது. அதே வருஷம் அந்த ரூலையே எடுத்துட்டாங்க.

2023 உலகக் கோப்பையில டெல்லி மேட்ச். இலங்கையோட ஏஞ்சலோ மேத்யூஸ் உள்ளே வந்தார், ஹெல்மெட் வார் அறுந்துது, வேற கேட்டார். 2 நிமிஷத்துக்குள்ள அடுத்த பந்துக்குத் தயாராகலைன்னு ஒரு பந்துகூடச் சந்திக்காம டைம்டு அவுட். சர்வதேச கிரிக்கெட்ல அதுதான் முதல் தடவை.

மழை வந்து ஓவர் குறைஞ்சா டக்வொர்த் லூயிஸ் ஸ்டெர்ன் கணக்கு. அதை ஹால்ல இருக்கற யாராலயும் போட முடியாது, கம்ப்யூட்டர்தான் போடும். அது வர்றதுக்கு முன்னால நிலைமை இன்னும் மோசம். 1992 உலகக் கோப்பை அரையிறுதியில தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்துல 22 ரன் தேவை. மழை நின்னதும் 1 பந்துல 21 ரன்னு ஆயிடுச்சு. மழைன்னா நீ திரையில வர்ற புது இலக்கை மட்டும் பாரு, போதும்.

ஐ.பி.எல்.ல இம்பாக்ட் பிளேயர்னு ஒருத்தரை நடுவுல மாத்தறது 2023லதான் வந்துது. முப்பது வருஷம் பார்த்தவரும் நீயும் அந்த ரூலுக்கு ஒரே வகுப்புதான்.

9. ஸ்டேடியத்துக்குக் கூப்பிட்டா தயங்காம போ

அங்கே பக்கத்துல நின்னு விளக்கிச் சொல்ல கமென்ட்ரி இருக்காது. அம்பயர் கையைப் பாரு. ரெண்டு கையையும் பக்கவாட்டுல நீட்டினா வைடு. ஒரு கை மட்டும்னா நோ பால். அதுக்கப்புறம் தலைக்கு மேல ஒரு விரலைச் சுத்தினா ஃப்ரீ ஹிட். ரெண்டு கையும் மேல போனா சிக்ஸர். ஒரு கையை அலை மாதிரி ஆட்டினா ஃபோர். ஒரு கையைத் தூக்கி உள்ளங்கையை விரிச்சா பை, அதாவது மட்டையில, உடம்புல எதுலயும் படாம போன ரன். முழங்காலைத் தூக்கித் தொட்டா லெக் பை. காத்துல ஒரு டி.வி. பெட்டி வரைஞ்சா மூணாவது அம்பயர்கிட்ட போகுது. இந்த எட்டு சைகை போதும், எந்த ஸ்டேண்டுல உக்காந்தாலும் சமாளிச்சுடலாம்.

10. பெண்கள் மேட்ச்லேர்ந்து தொடங்கு

டெஸ்ட்ல தொடங்காதே, அஞ்சு நாள் உனக்கு எங்கே நேரம்? டி20 எடுத்துக்கோ, மூணரை மணி நேரத்துல முடிஞ்சுடும். என்னைக் கேட்டா மகளிர் பிரீமியர் லீக்லேர்ந்து தொடங்குன்னு சொல்வேன். ரூல் அதேதான். ஹால்ல கூட்டமும் கொஞ்சம் குறைவா இருக்கும், நிதானமா கேட்டுக்கலாம். 2025 நவம்பர் 2ஆம் தேதி நவி மும்பையில தென்னாப்பிரிக்காவைத் தோற்கடிச்சு நம்ம பெண்கள் உலகக் கோப்பை வாங்கினாங்களே, அந்த ஃபைனல் ஹைலைட்ஸை ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் போட்டுப் பாரு. ஷஃபாலி 87 அடிச்சதும், தீப்தி 5 விக்கெட் எடுத்ததும் தெரியும். உலகக் கோப்பையில சதம் அடிச்ச முதல் இந்தியப் பெண் நம்ம சென்னை திருஷ் காமினி, 2013ல. இதை உன் பொண்ணுக்கும் சொல்லி வை. சாயங்காலம் அவ தெருவுல மட்டையைத் தூக்கிக்கிட்டுப் போனா விளக்கேத்தக் கூப்பிடாதே, அந்த வேலையை அன்னைக்கு வேற யாராவது பார்க்கட்டும்.

அப்புறம் ஒரு வேலைக் கணக்கு. ராத்திரி மேட்ச் 7.30க்கு ஆரம்பம், டாஸ் 7 மணிக்கு. 7 மணிக்குள்ள குழம்பை இறக்கிடு, அப்பளம் பொரிக்கறதை வேற யாரையாவது பார்க்கச் சொல்லு. பவர்பிளே 6 ஓவரும் ஹாலை விட்டு எழுந்திருக்காதே. நடுவுல "தண்ணி கொண்டா"ன்னு குரல் வந்தா, "ஓவர் முடியட்டும்"னு சொல்லு.